அமாவாசைக்கு ஒரு ரிங்

எங்கள் ஊர் பால் சொசைட்டியில் நான் பால் பரிசோதிக்கிறவள். கேனைத் திறந்ததும் மூக்கிலேயே சொல்லிவிடுவேன், தண்ணீர் எவ்வளவு கலந்திருக்கிறது என்று. கருவியெல்லாம் சாட்சிக்குத்தான். என் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று ராசிபுரம் பக்கம் பத்து ஊரில் எனக்குப் பேர் உண்டு. அந்தப் பேரை மற்றவர்களைவிட நான்தான் அதிகம் நம்பினேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழனிப்பானையில் துள்ளி. அந்தப் பல்லி நான்தான். ஆனால் பானையில் மூழ்கிப்போனது நானில்லை, அப்பா.

அம்மா போன பிறகு அப்பா தோட்டத்து வீடான சாளையில் தனியாக இருந்தார். நானும் வீட்டுக்காரரும் ஊருக்குள். நடந்தால் பத்து நிமிஷம். எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். குச்சிக்கிழங்குக் காட்டை விட்டுவிட்டு உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து போகிற வருகிற பஸ்ஸை எண்ணவா என்று கேட்பார். அவரிடம் ஒரு பழைய பட்டன் போன் இருந்தது. நம்பர் பட்டனெல்லாம் தேய்ந்து வெறும் ரப்பராக இருக்கும். தேய்ந்தது எப்படி என்றுதான் ஆச்சரியம், அவர் யாருக்கும் போன் பண்ணியதே இல்லை.

அதையும் அதில் இருந்த சிம்மையும் வாங்கிக் கொடுத்தது அண்ணன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தர் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் வடக்கே போயிருப்பார்கள். அண்ணனும் பதினெட்டு வயதில் போனான். முதல் சீசன் முடிந்து ஊர் வந்தபோது முதல் சம்பளத்தில் அப்பா பேருக்கு சிம்மும் போனும் வாங்கிக் கொடுத்தான். அந்தக் காலத்தில் வடக்கிலிருந்து கூப்பிட்டால் காசு, ரிங் விட்டால் காசில்லை. அதனால் ரிக் வண்டிக்காரர் வீடுகளில் எல்லாம் ஒரு கணக்கு இருந்தது. ஒரு ரிங் விட்டுக் கட் ஆனால் சௌக்கியம். இரண்டு என்றால் திருப்பிக் கூப்பிடு. விடாமல் அடித்தால் ஏதோ ஆகிவிட்டது. ரிக் வண்டிக்கு அமாவாசைதோறும் தேங்காய் உடைத்துப் பூசணிக்காய் சுற்றிப் பூசை போடுவார்கள். அன்றைக்கு அரை நாள் வண்டி ஓடாது. வீட்டு ஞாபகம் வருகிற நாளும் அதுதான். ரிங் பெரும்பாலும் அன்றைக்குத்தான் வரும்.

பிறகு கூப்பிடுவது சல்லிசாகிப் போய், எல்லோரும் வீடியோவில் முகம் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அந்த ஒரு ரிங் நிற்கவில்லை. காரணம் சிக்கனம் இல்லை. அண்ணன் ஒரு ரிக் வண்டியில் பங்கு சேர அப்பாவுக்குத் தெரியாமல் கடன் வாங்கி, வண்டி நொடித்து, கடன்காரர்கள் சாளை வாசலுக்கே வந்துவிட்டார்கள். அப்பா கிணற்றோரத்து நிலத்தை விற்று அடைத்தார். அடைத்துவிட்டு, வந்தவர்கள் முன்னாலேயே, "எனக்கு ஒரு பொண்ணு மட்டுந்தானுங்க. பையன்னு யாருமில்லீங்க" என்றார். அண்ணன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். பையை எடுத்துக்கொண்டு போனவன் அதற்கப்புறம் ஊருக்கு வரவில்லை. பொங்கலுக்கும் இல்லை, என் பெண்ணின் சீருக்கும் இல்லை.

ஆனால் அமாவாசைக்கு ஒரு ரிங் வந்தது. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நம்பர். டிரைவர் போனோ, டீக்கடைக்காரர் போனோ, கையில் கிடைத்தது. ஒருமுறை நான் ரகசியமாக அந்த நம்பரைக் குறித்துக்கொண்டு போய் மறுநாள் கூப்பிட்டேன். யாரோ இந்தியில் பேசினார்கள், வைத்துவிட்டேன். எங்கள் தாத்தாவுக்காக அப்பா அமாவாசை விரதம் இருப்பார். உச்சிப்பொழுதில் காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். அது அண்ணனுக்கும் தெரியும். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ரிங் வரும். ரிங் வராமல் அப்பா இலையில் உட்கார மாட்டார். விரதம் என்று சொல்லிக்கொள்வார். யார் கேட்டார்கள்?

ஒரு அமாவாசையன்று நான் பக்கத்தில் இருந்தேன். ரிங் வந்து நின்றது. அப்பா போனை எடுத்துப் பச்சைப் பட்டன் மேல் கட்டைவிரலை வைத்தார். அப்போது அழுத்தினால் அண்ணன்தான் எடுப்பான், இந்திக்காரர் இல்லை. விரல் அங்கேயே இருந்தது. பிறகு போனைத் துண்டில் துடைத்து வைத்துவிட்டு, சோற்றைப் போடு சாமி என்றார், என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, யாருக்கும் பேசாத மனுஷன் மாதாமாதம் என்னிடம் பேலன்ஸ் போடச் சொல்லுவது எதற்காக என்று. என்றைக்காவது ஒருநாள் அந்தப் பட்டனை அழுத்திவிட்டால் உள்ளே காசு இருக்க வேண்டும் அல்லவா.

அந்தக் காசுதான் காணாமல் போக ஆரம்பித்தது. போட்ட மறுநாளே குறையும், வாரத்தில் சுத்தமாகக் காலி. நான் போனை வாங்கிப் பார்த்தேன். சினிமாச் செய்திக்கு, ஜோக்குக்கு, காலர் ட்யூனுக்கு என்று தினமும் பிடித்திருந்தார்கள். திரையில் தானாக ஏதோ இங்கிலீஷில் வந்து நிற்கும், ஓகே அழுத்தினால் சேவை சேர்ந்துவிடும். ஏனுங்ப்பா அதை அழுத்தினீங்க என்று கத்தினேன். படிக்கத் தெரியாதே சாமி, அவன் ஏதாவது அனுப்பியிருப்பானோ என்று அழுத்தினேன் என்றார். அவன் என்று அவர் சொல்லிக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

அடுத்த சந்தை நாளில் அவரை அழைத்துக்கொண்டு போனேன். சந்தை வாசலில் பெரிய குடை விரித்து, மேசை போட்டு, ஒரு பெண் சிம் விற்றுக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும், சேலைக்கு மேல் கம்பெனி பனியன். எந்தக் கம்பெனி ஆனாலும் சரி, இந்தப் பிடித்தத்தை நிறுத்தித் தருகிறேன் என்றாள். இதற்கு அப்பாவின் ஆதார் எதற்கு, ரேகை எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஒரு லிட்டர் பாலுக்கு எத்தனை கேள்வி கேட்கிறவள்! அன்றைக்குக் கேட்கவில்லை. வெயில், கூட்டம், சொசைட்டிக்குச் சாயங்காலப் பால் வருகிற நேரம்.

ரேஷன் கடை மிஷின் அப்பாவின் கைரேகையை எடுக்கவே எடுக்காது. மண்வெட்டி பிடித்தே ரேகையெல்லாம் போய்விட்டது. அதில் அவருக்கு ஒரு கூச்சம் உண்டு. அந்தப் பெண் அவர் கட்டைவிரலை ஈரத்துணியில் துடைத்து, தன் கையாலேயே பிடித்து, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்ததும் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவர் போனை வாங்கி ஏதோ தட்டினாள், வந்த மெசேஜைப் பார்த்துத் தன் போனில் அடித்துக்கொண்டாள். என் நம்பரையும் இன்னொரு நம்பராக இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டாள். கடைசியில் ஒரு புது சிம்மும் பிளாஸ்டிக் டப்பாவும் கொடுத்து, "இது ஆஃபர்லீங்க்கா, ஃப்ரீ. வேணும்னாப் போட்டுக்குங்க" என்றாள். வேண்டாததை எதற்கு என்று சிம்மை சொசைட்டி மேசை டிராயரில் போட்டேன். டப்பாவை அப்பா காக்காய்க்குத் தண்ணீர் வைக்க எடுத்துக்கொண்டார்.

பங்குனி அமாவாசையன்று சாயங்காலம் நான் சாளைக்குப் போனபோது அப்பா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் செய்த சோறு மூடியபடியே இருந்தது. காக்காய் வந்து சாப்பிட்டுப் போய்விட்டது. போனை வாங்கிப் பார்த்தேன், ஒரு கோடு கூட இல்லை. "டவரே இல்லீங்ப்பா, அண்ணன் போட்டிருந்தாலும் வந்திருக்காது" என்றேன். அப்பா முகம் அப்படித் தெளிந்தது. அப்படியா, டவர்தானா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுச் சாப்பிட்டார்.

போன் ரிப்பேர்க்காரர் ஏரியல் போச்சு என்றார். வேறு போன் வாங்கினோம். அதிலும் வரவில்லை. சிம் தேய்ந்துவிட்டது, டூப்ளிகேட் வாங்க வேண்டும், ஆனால் யார் பேரில் இருக்கிறதோ அவரே டவுன் ஆபீசுக்கு வர வேண்டும் என்றார்கள். அந்த வாரம்தான் அப்பா வரப்பில் சறுக்கிக் காலில் கட்டுப் போட்டிருந்தார். சித்திரை அமாவாசையும் அப்படியே போனது. டவர் இல்லை என்று தெரிந்ததால் அப்பா சாப்பிட்டார்.

நடுவில் ஒருநாள் எனக்கு ஒரு போன் வந்தது. பால் ஊற்ற வரிசை நிற்கிறது, எனக்குத் தலைக்கு மேல் வேலை. ஒரு ஆள், மரியாதையாகத்தான், உங்கள் அப்பா நம்பருக்கு போஸ்ட்பெய்ட் பில் பாக்கி இருக்கிறது, கட்டாவிட்டால் இணைப்பு போய்விடும் என்றார். எங்கள் அப்பாவுக்கு ஏது பில்? முன்பணம் போட்டுப் பேசுகிற சிம். போனில் பேசிக் காசு பறிக்கிறவர்களைப் பற்றி தினம் தினம் எச்சரிக்கை கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்திருந்தது. நம்பரைக்கூடத் தெரிந்து வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறான் பார் என்று, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி அவரைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டு, அந்த நம்பரை பிளாக் செய்தேன். நின்றவர்கள் சிரித்தார்கள். யாருகிட்ட வந்து என்று ஒருத்தர் சொன்னார். எனக்கு அது பெருமையாக இருந்ததை இப்போது நினைத்தால் என் மேலேயே காறித் துப்பலாம் போல் இருக்கிறது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது ஆத்திரக்காரிக்கும் சேர்த்துத்தான்.

வைகாசி அமாவாசை கழிந்த பிறகுதான் அப்பாவால் கால் ஊன்ற முடிந்தது. ஆட்டோ வைத்து டவுனுக்குக் கூட்டிப்போனேன். பழைய கம்பெனி ஆபீசில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, இந்த நம்பர் எங்களிடம் இல்லை, நீங்களே ரேகை வைத்து வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொண்டு போய் மூன்று மாசம் ஆகிறது என்றாள். எனக்கு அந்தக் குடையும், பச்சை விளக்கும், அப்பா சிரித்ததும் ஞாபகம் வந்தது. அந்தக் கம்பெனி ஆபீஸ் எதிர்வரிசையிலேயே இருந்தது. போஸ்ட்பெய்ட் திட்டம், உங்கள் சம்மதத்தோடுதான் போட்டிருக்கிறோம், பில் கட்டாததால் பத்து நாளைக்கு முன்னால் இணைப்பைத் துண்டித்துவிட்டோம் என்றார்கள். பேசாத போனுக்கு என்ன பில் என்று சண்டை போட்டேன். பில் விவரத்தை மெசேஜாக அனுப்பினோமே என்றார்கள். எந்த நம்பருக்கு? அந்தச் செத்த நம்பருக்கே.

அப்பா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "கட்டிப்போடு சாமி. நம்பரு வந்தாப் போதும்" என்றார். கட்டினேன். சிம்முக்கு எங்கே போவது என்று கேட்டபோது, அதுதான் அன்றைக்கே கொடுத்தோமே என்றார்கள். மூன்று அமாவாசையும் அப்பாவின் நம்பர் என் டிராயரில் கிடந்திருக்கிறது. நான் தினமும் இரண்டு வேளை திறந்து மூடுகிற டிராயர். என் கையிலேயே இருந்தது.

அந்தக் குடைக்காரியை விடக்கூடாது என்று வாரச் சந்தைகளில் தேடினேன். மூன்றாவது சந்தையில் கண்டுபிடித்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மாசம் இத்தனை நம்பர் மாற்றினால்தான் சம்பளம் என்றும், போஸ்ட்பெய்ட் ஆனால்தான் கணக்கில் எடுப்பார்கள் என்றும் சொன்னாள். தாத்தா நல்லா இருக்காருங்களா என்று கேட்டாள். எனக்கு மேற்கொண்டு திட்ட வரவில்லை. அதற்காக அவளை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

நம்பர் உயிர் பெற்றது. ஆனி அமாவாசைக்கு அப்பா காலையிலேயே குளித்துவிட்டுப் போனைக் கையில் வைத்துக்கொண்டார். கோடு இருக்குதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான்கு கோடும் இருந்தது. ரிங் வரவில்லை. அண்ணன் நடுவில் போட்டுப் பார்த்துப் போகாமல் விட்டிருப்பார் என்றேன். "போகலைன்னா மறுக்காப் போடுவான். உட்டுட்டுப் போற பையனில்லை அவன்" என்றார். பையன் என்று அவர் வாயால் சொன்னார். அன்று இரவு வரை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை.

திருச்செங்கோட்டில் ரிக் வண்டி ஆபீஸ்களில் போய் விசாரிக்கிறேன் என்று நான் கிளம்பினேன். அப்பா தடுத்தார். தேடிப் பிடித்துக் கூப்பிட்டால் அப்பன் கூப்பிட்டான் என்று வருவான், அவனாக வரட்டும் என்றார். இத்தனைக்கும் நடுவில் அந்த வீம்பு மட்டும் குறையவில்லை. நான் அவர் பேச்சைக் கேட்டேன். எல்லாவற்றிலும் எதிர்த்துப் பேசுகிறவள், போயும் போயும் அதில் அடங்கினேன்.

ஆடி அமாவாசைக்கு மோகனூர் போனோம். காவிரிக்கரையில் சரியான கூட்டம். தண்ணீரில் இறங்கும் முன் அப்பா போனை என் கையில் கொடுத்து, இறுக்கிப் பிடித்துக்கொள், சத்தத்தில் கேட்காமல் போய்விடும் என்றார். அவர் தர்ப்பணம் முடித்து நனைந்த வேட்டியோடு ஏறி வரும்போது என் முகத்தைத்தான் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். மற்றவர்கள் கரையில் கட்டுச்சோறு பிரித்தார்கள். நாங்கள் பிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், "இருக்கானோ இல்லையோ சாமி" என்றார், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. இருப்பாருங்ப்பா என்றேன். எனக்கே நிச்சயமில்லை.

ஆவணியில் ஒருநாள் காலையில் பால் கொண்டுபோனேன். கட்டிலில் படுத்தபடியே போயிருந்தார். டாக்டர் இதயம் என்றார். எழுபத்தாறு வயது, போகிற வயதுதான். ரிங் வராததால்தான் போனார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தலையணைக்குப் பக்கத்தில் போன் இருந்தது, முழு சார்ஜோடு.

பிறகு நான் யாரையும் கேட்காமல் ரிக் ஆபீஸ் ஆபீஸாக ஏறினேன். டிரைவர்கள் வழியாகச் சொல்லி அனுப்பினேன். இதை முன்னமே செய்திருந்தால் என்று நினைக்காத நாளில்லை. சேதி அண்ணனுக்குப் போய்ச் சேரப் பத்து நாளுக்கு மேல் ஆனது. கொள்ளி வைத்தது ஒரு பங்காளி. அண்ணன் கருமாதியன்று காலையில்தான் வந்து சேர்ந்தான். முடியெல்லாம் நரைத்து, முகம் கறுத்து. வாசலில் நின்றவனை எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை.

சடங்கெல்லாம் முடிந்து பந்தியும் கலைந்த பிறகு, சாளைக்குப் பின்னால் அவனுக்கு இலை போட்டேன். சோற்றைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ரெண்டு அமாவாசை போட்டேன் அம்முணி, ஸ்விட்ச் ஆஃப்னு வந்துச்சு. மூணாவதுக்கு இந்த நம்பரே இல்லைன்னு இந்தியில சொன்னாங்க. பையனில்லைன்னு சொன்னவரு, இப்ப நம்பரையும் இல்லைன்னுட்டாருன்னு நெனச்சுட்டேன். அப்பறம் போடலை."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். குடை, கைரேகை, டிராயரில் கிடந்த சிம், நான் திட்டித் தீர்த்த பில்காரர், எதையும் மறைக்கவில்லை. என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் கோபப்படவில்லை. பிளாஸ்டிக் டப்பாவில் காக்காய் தண்ணீர் குடித்துவிட்டுப் போனது.

"நம்பரு சரியான பொறவு ரெண்டு அமாவாசை வந்திருக்குமே" என்றான். வந்தது என்றேன். "ரிங் வராம அவரு சாப்புட மாட்டாரே. சாப்ட்டாரா?"

அவனுக்கு அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவன் கை இலைக்குப் பக்கத்தில் தரையில் இருந்தது, சோற்றைத் தொடவில்லை. மோகனூரில் பிரிக்காமல் திரும்பிக் கொண்டுவந்த கட்டுச்சோறு என் கண் முன்னால் வந்தது. வாழ்நாள் முழுக்கக் கலப்படத்தைக் கண்டுபிடித்தவள் நான், அன்றைக்கு நானே கலந்தேன்.

"சாப்ட்டாருங்ண்ணா. நான்தான் போட்டேன், ரெண்டு நாளும். வவுறு நெறைய சாப்ட்டாரு."

அவன் நம்பினானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கப்புறம்தான் சோற்றில் கை வைத்தான்.